ஜெபகுமாருக்கு வந்த சுகர்

எந்த நிலையிலும் பொய் சொல்வதில்லை என்று ஜெபகுமார் கர்த்தருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சொந்த ஊரான குடிபாலாவிலேயே இருந்திருந்தால் அதைக் காப்பாற்றுவது சுலபம். அவரோ பிழைப்புக்காகத் திருப்பதி வந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் சாவி கொடுக்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

ஏசி வேலை செய்யுமா என்று பக்தர்கள் கேட்பார்கள். "சத்தம் வரும். குளிர் வருமான்னு சொல்ல முடியாது" என்பார். மேனேஜர் சுரேஷ்பாபு தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் ரூம்கள் நிரம்பத்தான் செய்தன. திருப்பதியில் ரூம் கிடைப்பதே பெரிது, ஏசிக்காக யார் திரும்பிப் போகிறார்கள்?

நகரியிலிருந்து செங்கல்வராயன் மாதம் தவறாமல் வருவார். விசைத்தறி வைத்திருப்பவர், ஜெபகுமாரைவிட மூத்தவர். ஜெபகுமாரின் பேச்சு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒருநாள் மலையிலிருந்து இறங்கியதும் நேராக மேஜைக்கு வந்து, ஒரு லட்டை எடுத்து நீட்டினார்.

"உங்களுக்குன்னு தனியா வாங்கினு வந்தேன் தம்பி. துன்னுங்க."

ஜெபகுமார் திகைத்துப் போனார். கோயிலில் படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்பதும் அவர் கர்த்தருக்காகப் பிடித்துவந்த ஒழுங்குதான். அதைச் சொன்னால் பெரியவர் முகம் வாடிவிடும். வாய் தானாகவே திறந்தது.

"எனக்கு சுகர் இருக்குதுங்க."

முதலாளிக்காக ஒரு பொய்யும் சொல்லாத மனுஷன், கர்த்தருக்காக ஒன்றைச் சொல்லிவிட்டார்.

பெரியவர் முகம் வாடவில்லை, மலர்ந்தது. "உங்களுக்குமா? எனக்கு ரொம்ப வருஷமா இருக்குது." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கால் மரத்துப் போவது, கண் மங்குவது, தறிக்கு முன்னால் நிற்க முடியாமல் போனது என்று எல்லாவற்றையும் சொன்னார். "வீட்ல சொல்லல. பயந்துக்குவாங்க. உங்களுக்குத்தான் இது புரியும்." அடுத்த மாதம் வெந்தயப்பொடி பொட்டலத்தோடு வந்தார்.

பக்கத்தில் நின்று கேட்ட சுரேஷ்பாபு சும்மா இருக்கவில்லை. ஜெபகுமாரின் டீயில் சர்க்கரையை நிறுத்தினார். நல்ல மனசோடு அவர் மனைவி சுலோச்சனாவுக்கும் போன் போட்டு, "அம்மா, சாருக்கு சுகராமே, ஜாக்ரத்த" என்றார்.

கணவன் தன்னிடம் மறைத்துவிட்டாரே என்று சுலோச்சனா அழுதாள். அவர் வீடு வந்து சேர்வதற்குள் சபையின் பெண்கள் ஜெபக்குழுவுக்கே செய்தி போய்விட்டது.

"எனக்கு ஒண்ணுமில்ல, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார் ஜெபகுமார்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும்" என்றாள் சுலோச்சனா. "என்னைத் தேத்தறதுக்காக இப்படிப் பேசாதீங்க."

பெண்கள் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். பிறகு பாஸ்டரே அவரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். சுகர் இல்லை என்று வந்தது. ஜெபத்தால் குணமானார் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே சாட்சி சொல்ல மேடையேற்றினார்கள்.

இனியாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஜெபகுமார் மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு சுகர் வந்ததே இல்ல."

"ஆமென்" என்றது சபை.

"இல்லீங்க, அது பொய். முழுக்கப் பொய்."

"வியாதி பொய், கர்த்தரின் வார்த்தையே மெய்" என்று பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். கைத்தட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. ஜெபகுமார் வந்து உட்கார்ந்தபோது சுலோச்சனாவின் கண்ணில் நீர் நின்றது.

செங்கல்வராயன் அடுத்த முறை வந்ததும், சாவியை எடுப்பதற்கு முன்பே ஜெபகுமார் சொல்லிவிட்டார். "எனக்கு சுகர் இல்லீங்க. நான் கிறிஸ்துவன், பிரசாதம் துன்னறதில்ல. உங்க மனசு நோவக் கூடாதுன்னு பொய் சொல்லிட்டேன்."

அவர் ஒருவர்தான் நம்பினார்.

"லட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமே தம்பி. நான் கோச்சிக்கவா போறேன்? ஒரே நோவுக்காரர்னு நெனச்சி வீட்ல சொல்லாததையெல்லாம் உங்க கிட்ட சொல்லிக்கினு இருந்தேனே." சாவியை வாங்கிக்கொண்டு மெதுவாகப் படியேறினார். அதற்குப் பிறகும் அதே லாட்ஜுக்குத்தான் வருகிறார். வணக்கம் சொல்கிறார், நாற்காலியை மட்டும் இழுப்பதில்லை.

சபையில் ஜெபகுமாரை வியாதியஸ்தருக்காக ஜெபிக்கும் குழுவில் சேர்த்துவிட்டார்கள். மாட்டேன் என்றார்; அதைத் தாழ்மை என்றார்கள். சர்க்கரை நோயாளிகள் சித்தூரிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வருகிறார்கள். தலையில் கைவைத்து ஜெபிக்கிறார். கால் மரத்துப்போகிறதா என்று கேட்டு, அவர்கள் சொல்வதை முழுவதும் உட்கார்ந்து கேட்கிறார். கடைசியில் எல்லோரிடமும் ஒன்றையே சொல்கிறார்: "மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க."

இதை நம்புவதுதான் அவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது.