சஸ்பெண்டான போர்க்கடவுள்

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் என் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிறு மதியம் மூன்று பேர் பகடை உருட்டுவோம். கதையை நடத்துபவர் செகந்திராபாத் பல் மருத்துவர். நான்கு தலைமுறையாக அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம்; ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஏன் என்பதற்கு 'கைக்கு' என்பார். அவர் சூழ்நிலையைச் சொல்வார். எங்கள் பாத்திரங்கள் என்ன செய்கின்றன என்று நாங்கள் சொல்வோம். பலித்ததா இல்லையா என்பது பகடையின் கையில்.

மகள் மூன்று வருடமாக ஒரே வில்லாளியாக ஆடுகிறாள். நான் கிரேக்கப் போர்க்கடவுள் ஏரிஸின் பூசாரி. காயம் ஆற்றுவது, வாள் படாமல் தப்புவது எல்லாம் அவர் தந்த வரம். பொதுத்துறை ஆலையில் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளோடு காலம் தள்ளியவனுக்குக் கோபக்கார மேலதிகாரி புதிதல்ல.

அன்று சரணடைந்தவனைக் கொல்ல வில்லாளி மறுத்தாள். ஏரிஸ் அவளுக்கு மரண ஆணை போட்டார். பாத்திரம் செத்தால் அதன் தாளைக் கிழித்துவிடுவது எங்கள் வழக்கம். மகள் தன் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"டாக்டர், ஏரிஸை ரெண்டு அரக்கர்கள் வெண்கல ஜாடியில பதிமூணு மாசம் அடைச்சு வெச்சாங்களே, அது உங்க கதையில உண்டா?"

"ஹவ் அங்கிள், உண்டு."

"எங்க ஆலை விதிப்படி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல காவல்ல இருந்தா, தானாவே சஸ்பெண்ட். திரும்ப எடுக்கத்தான் எழுத்துல ஆர்டர் வேணும். கடவுள்களுக்குத் தலைவர் ஜீயஸ் போட்டாரா? இல்லைன்னா சஸ்பெண்ட்ல இருக்கறவர் போட்ட ஆணை எப்படிச் செல்லும்?"

"அரக்கன் புடிச்சா அது காவலா? நக்கோ அங்கிள்."

"குற்றச்சாட்டின் பேரிலோ வேறு விதமாகவோன்னு விதியில இருக்கு. இது வேறு விதம்."

"அப்பா, உங்க ஆபீஸ்ல உங்களை எப்படித்தான் சகிச்சாங்க?" என்றாள் மகள். கையை மட்டும் எடுக்கவில்லை.

மருத்துவர் யோசித்தார். "சரி, ஆணை செல்லாது." பிறகு, ஊசி போடுவதற்கு முன் சிரிப்பது போல் சிரித்தார். "உங்க வரமும் ஜாடிக்கு அப்புறம் குடுத்ததுதானே? அது மட்டும் கைக்கு செல்லணும்?"

மனுவைத் திரும்பப் பெற்று என் வரத்தைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு உரிமை இருந்தது. மகள் கையைப் பார்த்தேன்.

"செல்லாதுதான்" என்றேன். அவளுடைய அழிப்பானை வாங்கி என் வரங்களை வரிவரியாக அழித்தேன்.

அடுத்த சுற்றிலேயே எதிரிப்படை வந்தது.

"என் பின்னால நில்லுங்க. அம்புக்கூட்டைப் பிடிங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றாள் வில்லாளி.

அரை மணி நேரத்துக்குள் இரண்டு அம்புகளைத் தவறவிட்டேன். விளக்கம் கேட்டாள். எழுத்தில் கேட்கும்படி சொன்னேன். எழுதியே கொடுத்துவிட்டாள்.