பட்டியலைப் பார்க்க மறுத்தவர்

2012இல் சிட்னியில் ஒரு தாவர மரபணு ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். அங்கே விஞ்ஞானியாக இருந்தவர் இலங்கையின் கல்முனைப் பக்கத்து முஸ்லிம் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். கறுப்பு முக்காட்டின் நுனியை வெள்ளைக் கோட்டின் கழுத்துக்குள் செருகியிருப்பார். சோதனைக்கு வந்த இலைகளோடு, ஒப்பிடுவதற்காக இனம் தெரிந்த இலைகளையும் கலந்து நான்தான் இலக்கமிடுவேன். எந்த இலக்கம் யாருடைய இலை என்ற பட்டியலை முடிவு வரும்வரை தனக்குக் காட்டவே கூடாது என்பது அவர் கட்டளை.

ஒருமுறை ஒரு விவசாயியின் இலைகள் வந்தன. நார் எடுப்பதற்காக, போதை தராத கஞ்சா இனத்தை உரிமம் பெற்றுப் பயிரிட்டவர். போதை இனமும் கலந்திருப்பதாக அதிகாரிகளுக்குச் சந்தேகம். உறுதியானால் வயல் முழுவதையும் அழித்துவிடுவார்கள். அதிகாரியோடு வந்த அந்த மனிதர் தொப்பியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் போனதும், "ஏன் டொக்டர், உங்களுக்கே உங்களில நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டேன்.

"எனக்கு அந்த மனுசனில இரக்கம் வந்திட்டு, அண்ணே. எது அவர்ட இலையெண்டு தெரிஞ்சா கண் அந்தப் பக்கம் சாஞ்சிரும்."

மூன்றாம் நாள் எந்த இலை எந்த இனத்துக்கு உறவு என்று காட்டும் வம்ச மரம் கணினித் திரையில் விரிந்தது. நகமளவு இலைத்துண்டுகள் தங்கள் மூதாதையரைத் தாங்களே காட்டிக்கொடுத்து, போதைக் கிளை, நார்க் கிளை என்று பிரிந்து நின்றன. எனக்கு மெய்சிலிர்த்தது. பட்டியலை எடுத்து வாசித்தேன். விவசாயியின் இலைகள் எல்லாமே நார்க் கிளையில் இருந்தன.

டொக்டர் கதிரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அந்த மூன்று நாளும் அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவ்வளவு ஆசையை உள்ளே வைத்துக்கொண்டு எப்படி அவ்வளவு நேராக நின்றார் என்று இன்றும் வியக்கிறேன்.