அப்பா கை வைத்துக் கேட்ட ஸ்பீக்கர்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதத்துக்குத் தெரிந்துவிடும், உள்ளே பாட்டு ஓடுகிறதென்று. சிமெண்ட் தரை லேசாக அதிரும். கதவைத் திறந்தால் எங்கள் விருதுநகர் வீட்டின் முன்னறையில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். ஒன்றின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, கண்ணை மூடி, நாற்காலியில் அப்பா.

2003, 2004 வாக்கில் தினமும் நான் பார்த்த காட்சி...

அப்பாவுக்குக் காது கேட்காது. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். புதிதாகச் செய்த வெடிகளை வெட்டவெளியில் வெடித்துப் பார்த்து, சத்தம் சரியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அவர் தலையாட்டினால்தான் லோடு கிளம்பும். ஐம்பது வயதுக்குள் இரண்டு காதும் போய்விட்டன. காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். இரைச்சல்தான் கேட்கிறது என்று கழற்றி பீரோவில் போட்டுவிட்டார்.

அம்மா நான் காலேஜ் படிக்கும்போதே இறந்துவிட்டார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

அவரிடம் பேச வேண்டுமென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும். கத்திப் பேசினால் சாதாரண வார்த்தைகூடச் சண்டை மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் மெல்ல மெல்ல எங்கள் பேச்சு "சாப்பிட்டீகளா", "மாத்திரை போட்டீகளா" என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுபோனது.

எனக்கு சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் டிசைனர் வேலை. ஒருநாள் காலண்டர் ப்ரூஃப் காட்ட முதலாளி வீட்டுக்குப் போயிருந்தேன். ஹால் முழுக்க வீணை வாசிப்பு. ஸ்பீக்கரைத் தேடினேன், காணோம். சுவரில் படம் மாட்டியதுபோல இரண்டு தட்டைப் பலகைகள், விரல் கனம்தான் இருக்கும்.

"என்ன தேடுதீக? அதாம்யா ஸ்பீக்கரு," என்று முதலாளி சிரித்தார்.

எந்த மூலையில் நின்றாலும் ஒரே மாதிரி கேட்டது. அன்றைக்கே எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

அந்தத் தீபாவளி முடிந்ததும் மதுரையில் ஒரு கடையில் சொல்லிவைத்து வாங்கி வந்தேன். பழைய பெட்டிகளைத் தெருமுனை சலூன் முருகேசன் அண்ணன் கேட்டார். தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காது கேட்காதவருக்கு எந்த ஸ்பீக்கராக இருந்தால் என்ன என்று நினைத்தேனோ... உண்மையைச் சொன்னால், நான் அவரைப் பற்றி எதுவுமே நினைக்கவில்லை.

புதியவற்றைச் சுவரில் மாட்டிப் பாட்டைப் போட்டேன். அவ்வளவு தெளிவு. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. முன்னறை திடீரென்று பெரிதாகிவிட்டது.

அப்பா எழுந்து வந்தார். பலகையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பழக்கப்படி உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தார். அந்த வகை ஸ்பீக்கரில் பலகை முழுவதும் நடுங்கித்தான் சத்தம் வரும். கை பட்டதும் பாட்டு அமுங்கிக் கரகரத்தது.

"தொடாதீகப்பா! கை வச்சா சத்தம் போயிரும்!"

நான் கத்தியது அவருக்குக் கேட்டிருக்காது. என் முகம் போதுமானதாக இருந்தது. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நல்லாருக்குலே. எடத்த அடைக்கல," என்றார்.

அதற்கப்புறம் அவர் முன்னறையில் உட்காரவே இல்லை. காலண்டர் சீசன், ஆர்டர் குவிந்துகிடந்தது. நான் பஸ் பிடித்து வீடு வரும்போது அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார். நானும் கவனிக்கவில்லை.

ஒருநாள் பிரஸ்ஸில் கரண்ட் இல்லை. வெயில் இறங்குமுன்னே வந்துவிட்டேன். வீடு பூட்டியிருந்தது. தேடிக்கொண்டே தெருமுனைக்குப் போனேன். சலூனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பெஞ்சின் ஓரத்தில், எங்கள் பெட்டியில் முதுகைச் சாய்த்து அப்பா உட்கார்ந்திருந்தார். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. தாளம் தப்பவே இல்லை.

முருகேசன் அண்ணன் கத்திரியை நிறுத்தாமலே சொன்னார். "தெனம் வந்துருவாக தம்பி. பாட்டு நின்னா என்னையத் திரும்பிப் பாப்பாக. ஒடனே அடுத்த கேசட்டப் போட்ருவேன்."

இத்தனை வருஷமாக அப்பா சும்மா கை வைத்துக்கொண்டு உட்காரவில்லை, பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அந்த வாசலில்தான் உறைத்தது.

அவர் காதருகே குனிந்து கத்தினேன். "பெட்டிய வீட்டுக்கே கொண்டுபோயிருவமாப்பா?" முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம்லே. இங்கனயே கெடக்கட்டும்."

"ஏம்ப்பா?"

"அங்கன பாட்டு மட்டுந்தான இருக்கும். இங்கன நாலு பேரு மொகம் இருக்கு."

என்னைக் குத்திக்காட்டச் சொன்னதில்லை. விலாசம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து புது ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டேன். எல்லா மூலையிலும் கேட்டது. இரண்டு பாட்டுக்கு மேல் உட்கார முடியவில்லை.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் சலூனுக்குப் போக ஆரம்பித்தேன். அப்பா நகர்ந்து இடம் கொடுப்பார். நானும் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொள்வேன். யாராவது டீ வாங்கித் தருவார்கள். இரண்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தார்... எழவில்லை.

இப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடியில் தனியாக இருக்கிறேன். வேலை வீட்டிலிருந்தே. பகல் முழுக்க ஹெட்போனில் யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இன்னும் எனக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்குகிறேன். கேட் வரைக்கும் போகிறேன். எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மறுபடி லிஃப்ட் ஏறிவிடுகிறேன்.