அழவிடக் கூடாத பிள்ளை

அந்தப் பிள்ளை விஷயத்தில் எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். அவளை அழவிடக் கூடாது.

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டில் நர்ஸாக இருந்தேன். பெரும்பாலும் சளி, இளைப்பு, நிமோனியா என்றுதான் வருவார்கள். இவள் அப்படி வந்தவளல்ல. நாலு வயசு. உதடும் நகமும் நாவற்பழம் தின்ற மாதிரி நீலம். பிறவியிலேயே இருதயத்தில் கோளாறு. பழனி அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்த தகப்பன், மலைக் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மேலே தூக்கி வந்துவிட்டார். இளைப்புக்காரப் பிள்ளைகளுக்கு அது சரியாக இருக்கலாம். இவளுக்கோ கீழே இருக்கும்போதே காற்று போதவில்லை, மேலே காற்று இன்னும் குறைவு. நல்லது செய்கிறேன் என்று நெருப்பில் கொண்டுவந்து போட்டிருந்தார். பாவம், அவரைத் திட்டவும் மனசு வரவில்லை.

அழுதால் நீலம் கருத்துவிடும். மூச்சு இழுக்கும், கண் சொருகும், பிள்ளை துவண்டுவிடும். வந்த அன்றே அதைப் பார்த்தேன். ஊசியைக் கண்டு வீறிட்டாள். அடுத்த நிமிஷம் துணி மாதிரிக் கிடந்தாள். தாய்க்காரி வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, காலை நீட்டிப் பிடித்து அமுக்கினாள். நான் அவளை இடித்துத் தள்ளிவிட்டுப் பிள்ளையின் முழங்காலிரண்டையும் மடக்கி, நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். ஆக்ஸிஜனைத் திறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது.

"நடக்கயில நாலு எட்டு வச்சதும் குத்தவச்சு உக்காந்துக்குவா சிஸ்டர். பிடிவாதம்னு நானே அடிச்சிருக்கேன்" என்றாள் தாய்க்காரி.

"பிடிவாதமில்ல தாயி. அப்படி உக்காந்தாத்தான் அவளுக்கு மூச்சு வருது."

அதிலிருந்து வார்டே அவளுக்கு அடிமை. கேட்டது கிடைத்தது. பக்கத்துக் கட்டில் பையனின் மரக்குதிரை அவளிடம் போனது. அவன் அழுதான், அவன் அழலாம். அவள் முகம் கோணினால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். சோறு இறங்கவில்லை. வேறு பிள்ளைக்கு மருந்து ஊற்றும்போதும் காது அவள் பக்கமே இருந்தது.

மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அப்போதுதான் இந்த மாதிரி இருதயங்களுக்கு ஆப்பரேஷன் செய்யத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் டாக்டரம்மா எழுதிப்போட்டு ஒரு கட்டிலுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. தாய்க்காரி மறுத்துவிட்டாள்.

பிள்ளையின் முதல் முடி இன்னும் இறக்கவில்லையாம். பழனி முருகனுக்கென்று நேர்ந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் நாவிதர் கத்தியை எடுத்ததும் பிள்ளை அழுது நீலமாகிவிட, பயந்துபோய்த் திரும்பத் தூக்கி வந்திருக்கிறார்கள். அதனால்தான் இடுப்பு வரைக்கும் சிக்குப் பிடித்த கூந்தல்.

"சாமி முடி தலையில இருக்கயில நெஞ்சுல கத்தி வைக்கக் கூடாதுங்க. போற வழியில மொட்டை போட்டுட்டு வெரசா போயிருவோம்" என்றாள்.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குக் கண்முன் தெரிந்தது: முடிக்கொட்டகை, கூட்டம், கத்தி, அலறல், துவண்டு விழும் தலை. அங்கே சிலிண்டருக்கு எங்கே போவது? "அழுதா செத்துப்போகும் தாயி" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாத வார்த்தைதான். அவள் அசையவில்லை. முடி பாக்கி நிற்பதால்தான் பிள்ளைக்கு இந்த நோயே வந்தது என்பது அவள் நம்பிக்கை. அவளுக்கும் பிள்ளை செத்துவிடும் என்ற பயம்தான். எனக்குக் கத்தி மேல் பயம், அவளுக்குக் கத்தி படாத முடிமேல் பயம்.

நான் கிறிஸ்தவள்தான், ஆனாலும் இந்தப் பக்கத்தில் வளர்ந்தவள். மொட்டை போடாத பெண்கள் மூன்று இடத்தில் கொஞ்சம் முடி நறுக்கிப் பூ முடி கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்டேன்.

"மொத முடிக்கு அது ஆகாதுங்க" என்றாள்.

"இப்ப பூ முடி குடு. பிள்ள பொழச்சு வரட்டும், மொட்டையும் போடு. ரெண்டையும் வேண்டாம்னா முருகன் சொல்லப்போறாரு?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

மத்தியானக் கஞ்சி குடித்துப் பிள்ளை தூங்கும்போது கட்டுத்துணி வெட்டும் கத்திரியை எடுத்தேன். விழித்துவிட்டால் என்ன செய்வது என்று ஆக்ஸிஜன் பக்கத்தில் தயாராக இருந்தது. நறுக்கென்ற சத்தம் எனக்கு இடி மாதிரிக் கேட்டது. அவள் புரண்டு படுத்தாள், விழிக்கவில்லை. முடியை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு தகப்பன் பழனிக்கு பஸ் ஏறினார். நாங்கள் ஆஸ்பத்திரி வேனில் கீழே இறங்கினோம்.

ஒவ்வொரு வளைவிலும் அவள் குமட்டினாள். மடக்கிய முழங்காலோடு அவளை மடியிலிருந்து இறக்காமல், உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெளியே என்ன மரம், என்ன அருவி, ஒன்றும் தெரியாது. மெட்ராஸ் வரைக்கும் ரயிலில் கூடப் போய், தாயையும் பிள்ளையையும் ஒப்படைத்துவிட்டு மலைக்குத் திரும்பினேன்.

பிறகு ஒரு சேதியும் இல்லை. தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலுக்கு ஓடினேன். சேதி இல்லாவிட்டால் நல்ல சேதி என்று டாக்டரம்மா சொன்னார். அவருக்கே அதில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு காலை, மூடுபனியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தகப்பன் வார்டு வாசலில் வந்து நின்றார். துண்டை எடுத்தார். மழமழவென்று மொட்டை.

பழனி மொட்டை என்றால் சந்தனம் பூசியிருக்கும். இதில் சந்தனம் இல்லை, ஈரம்தான். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை தலையை மழிப்பது நேர்த்திக்கு, இல்லாவிட்டால் சாவுக்கு. பிள்ளைச் சாவுக்குத் தகப்பன் மழிப்பானா என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்க வாய் வரவில்லை.

"பஸ்ஸு வெள்ளனே கெடச்சுச்சா?" என்றேன்.

"கெடச்சுச்சுங்க."

"மழையா கீழ?"

"தூறலுங்க. வத்தலக்குண்டுல நல்லா நனைஞ்சுட்டேன்."

"காப்பி குடிச்சீங்களா?"

"இல்லீங்க."

அவர் தலையைத் துடைத்துக்கொண்டார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பூ முடி மட்டும் குடுத்தது மனசுக்குப் போதலைங்க. ஆப்பரேசன் நல்லா முடிஞ்சா என் முடிய எறக்கிர்றேன்னு அன்னைக்கே சாமிகிட்ட சொல்லிட்டு வந்தேன். நேத்து எறக்கிட்டேன், பூசுன சந்தனந்தான் மழையில கரைஞ்சுபோச்சு. மெட்ராசு போயிப் பாத்தேன், கட்டுப் பிரிக்கயில எல்லாம் பிள்ள அந்தக் கத்து கத்துறா சிஸ்டர். உதடு கருக்கவே இல்ல."

"ஏன்யா, உமக்கு அறிவிருக்கா?" என்று நான் போட்ட சத்தத்தில் டாக்டரம்மா அறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். "வாசல்லயே சொல்றதுக்கென்ன? மொட்டையக் காட்டிட்டு நிக்கிறீரே!"

மனிதர் மிரண்டுபோனார். "நீங்க காப்பி குடிச்சீங்களான்னுதானங்க கேட்டீங்க?"

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வார்டுப் பிள்ளைகள் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்க, நிறுத்தத் தெரியாமல் அழுதேன்.