வெறும் வயிற்றில் போட்ட பொடி

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். கழனி வேலை செய்கிற குடும்பத்துப் பெண் நான். வெள்ளை உடுப்பு போட்ட ஆறே மாதத்தில் தலைக்கனம் ஏறிவிட்டது.

ஒருநாள் காலை, குப்பத்திலிருந்து மீன் விற்கிற ஓர் அம்மா நாலு வயசு மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு வயிறு நிறையப் பூச்சி. மூன்று பொட்டலம் பூச்சி மருந்துப் பொடியைக் கொடுத்து, "காலையில வெறும் வயித்துல போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வரிசை வாசல் வரை நின்றது. புரிந்ததா என்று கேட்கவில்லை.

நாலாம் நாள் அதே அம்மா ஓடி வந்தாள். குழந்தையின் வயிறு கல்லாக இறுகி, வாந்தியில் பூச்சி வந்துகொண்டிருந்தது. மருந்து கொடுத்தாயா என்று அதட்டினேன்.

"நீ சொன்னமாரிதாம்மா போட்டேன். சட்டைய கழட்டிட்டு, வெறும் வவுத்துலதான் தடவுனேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குழந்தை துடித்துக்கொண்டிருக்கும்போது சிரித்தேன். நினைத்தால் இன்றும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

டாக்டர் குழந்தையைப் படுக்கையில் சேர்த்தார், பிழைப்பது நிச்சயமில்லை என்றும் சொல்லிவிட்டார். எங்களுக்குப் பாடம் நடத்தும் பெரிய நர்ஸோ அன்று மத்தியானமே இதை வகுப்பில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். இந்த ஜனங்களுக்கு என்ன சொன்னாலும் ஏறாதாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன மாதம் இதே அம்மா கிளிஞ்சல் கிழித்த காலோடு வந்திருந்தாள். பொடியைப் புண் மேல் போடு என்று நான்தான் கொடுத்தனுப்பினேன். சொன்னபடி போட்டாள், ஆறிவிட்டது. அவளுக்குப் போடுவது என்றால் மேலே பூசுவது. உள்ளுக்கு என்றால் 'குடு' என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசுவோம். மறந்துபோனவள் நான்.

சாயங்காலம் பெரிய நர்ஸ், 'தாயின் அஜாக்கிரதை' என்று ஆஸ்பத்திரி நோட்டில் பிரெஞ்சில் என்னை எழுதச் சொன்னார். அந்த அம்மா பக்கத்திலேயே நின்றாள். குழந்தைக்கு ஏதோ மருந்து எழுதுகிறேன் என்று நினைத்து என் பேனாவையே பார்த்தாள். நான் பேனாவை நிறுத்திவிட்டுப் பெரிய நர்ஸைப் பார்த்தேன்.

"தப்பு அவங்க மேல இல்ல. நான் சொன்ன வார்த்தைதான் தப்பு. அப்டிதான் எழுதுவேன்."

"எழுதிப் பாரு. இந்த வருஷம் நீ பரீட்சைக்கு உக்கார மாட்டே."

எழுதினேன். என் பெயரையும் சேர்த்து எழுதினேன். அந்த வருஷம் என்னைப் பரீட்சைக்கு விடவில்லை. அந்த வேடிக்கைக் கதையை மட்டும் அடுத்துப் பயிற்சிக்கு வந்த பெண்களுக்கும் சொன்னார்கள். அதில் நான் இல்லை, முட்டாள் தாய்தான் இருந்தாள்.

இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு குழந்தை பிழைத்துக்கொண்டது. வீட்டுக்குப் போகிற அன்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குதான் புத்தியில்ல, மன்னிச்சுக்கம்மா" என்றாள். தப்பு என்னுடையது என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி தலையாட்டினாளே தவிர, நம்பவில்லை. பிறகு எத்தனையோ பெண்களுக்கு மருந்து கொடுத்துவிட்டேன், எப்படிக் கொடுப்பாய் என்று திருப்பிச் சொல்லச் சொல்லாமல் யாரையும் அனுப்பியதில்லை. ஆனாலும், தன்மேல் தப்பில்லை என்பதைக்கூட நம்ப முடியாதபடி அவளை ஆக்கிவைத்தவர்களில் நானும் ஒருத்தி என்கிற கோபம் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.