வேலியில்லாத மலையில் ஒரு சொல்
டைனா பிர்கெட் இங்கிலாந்தின் கம்பர்லாந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்தது நிலக்கரிக் கப்பல்கள் நிற்கும் கடலோர ஊரில். கல்யாணமான முதல் வாரம், சுவரோ வேலியோ இல்லாத மலையில் செம்மறிகள் தம்போக்கில் மேய்வதைப் பார்த்துப் பதறிப்போய், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தனையையும் வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டாள். கணவன் ஐசக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடியே, அதுங்க வீட்டுலதான் இருந்துச்சுங்க. நீதான் வெளிய இழுத்துட்டு வந்திருக்க. அது அதுங்க ஹெஃப்ட்."

ஹெஃப்ட் என்றால் ஆடு பிறந்து மேய்ந்த நிலம். அந்த நிலத்தை விட்டு விலகாத அதன் குணத்துக்கும் அதே பெயர்தான். எல்லை எதுவென்று தாய் நடந்து காட்டும். கூடவே நடந்து குட்டி கற்கும். பண்ணை கைமாறினாலும் மந்தை மலையை விட்டுப் போகாது.

ஐசக் கல்குவாரியில் நசுங்கிச் செத்த பிறகு டைனா தனியாகவே அந்தக் குத்தகைப் பண்ணையை நடத்தினாள். பிறகு ஒரு பனிக்காலம் மந்தையின் கிழட்டுத் தாய்களை விழுங்கிவிட்டது. மிஞ்சியவற்றில் பெரும்பாலும் கிம்மர்கள். இன்னும் ஈனாத அந்த இளசுகள் தாயோடு மலையில் கழித்தது ஒரே ஒரு கோடை.

அந்த வசந்தத்தில்தான் மலைக்குச் சொந்தக்காரரான நிலப்பிரபுவின் காரியஸ்தர் பெல்ஹாம் வந்தார். துரைமார்கள் காட்டுக்கோழி சுட மலை வேண்டுமாம். மந்தைக்கு ஆற்றுக்கு அப்பால் வேறு மேய்ச்சல் தருவாராம். நாலு பேர் பொழுதுபோகாமல் துப்பாக்கி வெடிப்பதற்கு ஒருத்தி தன் பிழைப்பை மூட்டை கட்ட வேண்டும். இதற்குச் சொத்துரிமை என்று மரியாதையான பெயர் வேறு.

சந்தையில் எல்லோர் காதிலும் விழும்படி பெல்ஹாம் சொன்னார்: "புல்லு எங்க இருந்தாலும் புல்லுதானம்மா."

"ஆடுங்களுக்கு அது தெரியாதுங்களே. இது அதுங்க ஹெஃப்ட்."

"சட்டத்துல அப்படி ஒரு வார்த்தையே கிடையாது."

"அப்போ ஓட்டிட்டுப் போங்க. அங்கேயே தங்கிடுச்சுன்னா நானும் கெளம்பிடறேன். திரும்பி வந்துச்சுன்னா மலை எனக்கு."

பெல்ஹாம் சிரித்தபடி அவள் கையில் கையடித்து ஒப்புக்கொண்டார்.

திரும்பும் வழியில் பக்கத்துப் பண்ணை மேய்ப்பன் ஜாஸ் டாலன்டயர் புலம்பினான். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கெழடுங்க இருந்தாலாவது பரவால்ல. கிம்மருங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு மட்டும் தெரியுமா? பேசாம வா ஜாஸ்."

பெல்ஹாமின் ஆட்கள் மந்தையை மலைமுகடுகள் தாண்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. டைனா காலையில் கதவைத் திறந்தால் மலை மொட்டையாகக் கிடக்கும். சட்டி பானைகளைக்கூட ஒதுக்கி வைக்கத் தொடங்கிவிட்டாள்.

மழை விட்ட காலையில் மூடுபனி விலகியது. பள்ளத்தாக்கின் அடியில் சாம்பல் நிறக் கோடு ஒன்று நகர்ந்தது. டைனா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். ஒன்றன்பின் ஒன்றாக, ஆற்றுநீர் சொட்டச் சொட்ட அவை வந்துகொண்டிருந்தன. முன்னால் வந்தது ஒரு கிம்மர். வழியில் கொழுத்த புல் இருந்தது, குனியவில்லை. அவளையும் பொருட்படுத்தாமல் கடந்து, செங்குத்தாக ஏறி, மேலே தங்கள் எல்லையான ஓடைக்கரையில் போய்ப் பரவி நின்றன. ஓடைக்கு அந்தப் பக்கமும் அதே புல்தான். ஒன்றுகூடத் தாண்டவில்லை.

டைனா ஈரத்தரையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவர் செஞ்ச அற்புதம், டைனா," என்றார் விஷயம் கேட்டு வந்த போதகர்.

"தாய்ங்களக் கொன்ன பனியும் அவரு அனுப்புனதுதானுங்களே? இது செத்துப்போன அந்தத் தாய்ங்க கத்துக்குடுத்தது."

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ஆட்டு மூளையில் முழு மலையும் இருக்கிறது. வாய்பிளந்து நிற்க இது போதாதா? வானத்தை வேறு துணைக்கு அழைக்க வேண்டுமா?

மறுபடி ஓட்டுங்கள் என்று பெல்ஹாம் கத்திப் பார்த்தார். "ஓட்டலாங்க. யாரு ஓட்டறது?" என்றான் ஜாஸ். சந்தையில் கையடித்த பேச்சை மீறுபவனிடம் அந்தப் பள்ளத்தாக்கில் எவனும் ஆடு வாங்கவும் மாட்டான், விற்கவும் மாட்டான். மலை டைனாவிடமே நின்றது.

ஒரே ஒரு ஆடு மட்டும் திரும்பவில்லை. போன இலையுதிர் காலத்தில் எஸ்க்டேல் என்ற வேறொரு பள்ளத்தாக்கில் வாங்கியது. சில நாள் கழித்து அங்கிருந்து ஆள் வந்தான்.

"உங்க ஆடு எங்க மலையில வந்து மேயுது. ஓட்டிட்டுப் போறீங்களா?"

டைனா ஓடைக்கரையில் மேயும் தன் மந்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணாம், இருக்கட்டும். அது பொறந்த எடம் அதுதானே."