சர்வே நம்பர் எதற்கு?

பதினொன்றாம் வகுப்பில் நான் கேட்டது கம்ப்யூட்டர் சயின்ஸ். கிடைத்தது வேளாண் அறிவியல். என் மார்க்குக்கு இந்தத் தொழிற்கல்விப் பிரிவில்தான் இடம் இருக்கிறது என்று தலைமையாசிரியை சொன்னபோதே எனக்குச் சந்தேகம். என்னைவிடக் குறைவாக வாங்கிய ஒருத்தி கம்ப்யூட்டர் லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஜம்மென்று உள்ளே போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆள் சேராவிட்டால் வேளாண் பிரிவை மூடிவிடுவார்கள், அதனால்தான் அகப்பட்டவர்களைப் பிடித்துப் போடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அது உண்மையா என்று இன்றுவரை தெரியாது. முடிவை மட்டும் நான் மாற்றிக்கொள்ளவில்லை.

சந்தேகப்படுவது எங்கள் குடும்பச் சொத்து. அப்பா பட்டுக்கடையில் விற்பனையாளர். ஜரிகையை உரசிப் பார்க்காமல் யார் சொல்வதையும் நம்பாதே என்று சொல்லியே என்னை வளர்த்தார். அம்மா ஒரு கடையில் வாங்கிய பருப்பை அடுத்த கடைத் தராசில் வைத்துப் பார்ப்பாள். மற்றபடி நிலம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு ஒரு துளசித் தொட்டிகூடக் கிடையாது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு விதை நேர்த்தியும் நாற்றங்காலும் மண்புழு உரமும்!

வேளாண் ஆசிரியருக்கு ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். ஆனால் முதல் வாரமே, யார் வீட்டில் நிலம் இருக்கிறது, எந்த ஊர், எத்தனை ஏக்கர், ஏரித் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா என்று ஒவ்வொருவராக விசாரித்தார். எனக்கு அப்போதே பொறி தட்டியது. எங்கள் ஊர்ப் பக்கம் நிலத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிற ஆள் பெரும்பாலும் புரோக்கராகத்தான் இருப்பான். நிலத்தைக் கொடுத்துப் பணம் வாங்கியவர்களைக் கடை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பார் அப்பா. கல்யாணத்துக்கு விலை கேட்காமல் புடவை எடுப்பார்களாம். அடுத்த கல்யாணத்துக்கு வரவே மாட்டார்களாம்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மாகறல் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். எங்கள் வகுப்பில் இந்தப் பிரிவைக் கேட்டு வாங்கிச் சேர்ந்தவள் அவள் ஒருத்திதான். வேளாண்மைக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு வெறி. அவளுடைய அப்பாவுக்கோ பெண்ணை எங்கள் பள்ளிக்கூடம்வரை பஸ்ஸில் அனுப்புவதே பிடிக்கவில்லை. ஏதாவது பிரச்சினை என்று காதில் விழுந்தால் அன்றோடு படிப்பு நின்றது என்று சொல்லித்தான் அனுப்பினார். கையில் கிடைத்ததைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு, இவள் மட்டும் ஏன் இதைக் கேட்டு வாங்கினாள் என்று அவள்மீதும் கொஞ்ச நாள் சந்தேகம் இருந்தது. அவள் கொண்டுவரும் கொள்ளுத் துவையலைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு அந்தச் சந்தேகத்தை மட்டும் கைவிட்டேன்.

அறுவடை முடிந்ததும் மண் மாதிரி எடுக்கும் செய்முறை வந்தது. அவள் வீட்டுக் கழனிக்குப் போவதாக முடிவாயிற்று. அவள் அப்பா வெளியூர் போயிருந்ததால் அம்மாவிடம் சம்மதம் வாங்கியிருந்தாள். ஒரு காலை பஸ் பிடித்துப் போய் இறங்கினோம். வரப்போரம் எடுக்கக் கூடாது, மரத்தடியில் எடுக்கக் கூடாது, எருக்குவியல் இருந்த இடத்திலும் கூடாது. கழனியில் வளைந்து வளைந்து நடந்து, அங்கங்கே அரையடிக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாக் குழி மண்ணையும் ஒரு தாளில் கொட்டிக் கலந்து, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கலக்க வேண்டும். கடைசியில் அரைக் கிலோ துணிப்பைக்குள் போகும். இட்லி மாவு கரைத்த கைக்கு இதெல்லாம் பெரிய வேலையாகத் தெரியவில்லை.

பையில் கட்டும் அட்டையில் விவசாயி பெயர், பயிர், சர்வே நம்பர் மூன்றையும் எழுதச் சொன்னார் சார். தோழி நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். நான் பேனாவை எடுக்காமல், "சர்வே நம்பர் எதுக்கு சார்?" என்றேன். மண் பரிசோதனை நிலையத்தில் கேட்பார்கள் என்றார். அவர்கள் எதற்குக் கேட்கிறார்கள் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. தோழியே எழுதினாள்.

அதற்குள் வரப்பில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கொஞ்ச மாதம் முன்னால் யாரோ முக்காலியில் கருவியை வைத்து அளந்து, கல்லுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்களாம். எதற்கென்று இன்னும் ஊருக்குத் தெரியவில்லை. இப்போது யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் கணக்கு வைத்ததுபோல் குழி வெட்டுகிறார்கள், ஒரு ஆள் நின்று சர்வே நம்பர் எழுதவைக்கிறார். யார் சும்மா இருப்பார்கள்? ஊர் திரும்பிய தோழியின் அப்பாவிடம் பஸ் நிறுத்தத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார்.

"எங்கிருந்து எட்த்தீங்களோ அங்கயே கொட்டுங்க" என்றார்.

கலந்த மண்ணை எப்படிப் பிரிப்பது? விளக்கப் போன ஒரு பையனைச் சார் தடுத்துவிட்டார். எல்லாக் குழி மண்ணையும் எல்லாக் குழிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மூடினோம். தோழியின் அப்பா ஒவ்வொரு குழியாகக் கூடவே வந்து நின்று பார்த்தார். கடைசிக் குழி மூடியதும் பெண்ணைப் பார்த்து, "நாளைலேர்ந்து நீ ஸ்கூலுக்குப் போவ வேணாம்" என்றார். அவள் அழவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தாள்.

எனக்கு வந்த கோபம் முழுக்கச் சார்மீதுதான். ஊரே கேட்கும்படி, நானும் அதையே கேட்டேன், அவர் பதில் சொல்லவில்லை என்று போட்டு உடைத்தேன். அப்படிச் சொன்னதற்கு நான் இன்றும் வருத்தப்படவில்லை.

தோழியின் அப்பா சார் பக்கம் திரும்பினார். எந்த ஊர் என்று கேட்டார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தைச் சொன்னார் சார்.

"அங்க ஏது நெலம்? எல்லாம் கம்பெனி ஆயிப்போச்சே."

"எங்க நெலமும் அதுல போனதுதாங்க."

"எப்டிப் போச்சு?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"இதே மாதிரிதான் வந்தாங்க" என்றார். "மண்ணு பாக்கறோம்னாங்க. நம்பர எழுதிக்கினு போனாங்க. நாங்க ஒண்ணும் கேக்கல."

வரப்பில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாரே, இனி இவள் படிப்பு போனதுதான் என்று நினைத்தேன். சார் தோழியின் கையிலிருந்து அட்டையை வாங்கி அவள் அப்பாவிடம் கொடுத்தார். காலிப் பையோடு பஸ் ஏறினோம். அவள் ஊரிலேயே நின்றுவிட்டாள்.

மறுநாள் முதல் பீரியடில் என் பக்கத்து இடம் காலி. இரண்டாவது பீரியட் வேளாண் வகுப்பு. பாதியில் அவள் வந்தாள். பின்னாலேயே அவள் அப்பா. செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலில் நின்றார். இன்னொரு சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"அன்னிக்கு உங்க ஊருக்கு வந்தவங்கள நீங்க என்னென்ன கேட்டிருக்கணும் சார்?" என்றார். "அத எம்பொண்ணுக்குச் சொல்லிக் குடுங்க. அதுக்குத்தான் அனுப்பறேன்."

சார் புத்தகத்தை மூடினார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் பக்கம் போட்டார். தோழியின் அப்பா உட்காரவில்லை. பெல் அடிக்கும்வரை சார் சொன்னதை நின்றபடியே கேட்டார்.